பிழை தெரிந்த பாஷை

1

எங்கள் ஊர்க் கோயில் பங்கின் திருவிழா மலருக்கு ஜெர்மனி வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி பேசாலையிலிருந்து மலர்க்குழுத் தம்பிமார் கேட்டிருந்தார்கள். "பனியைப் பற்றி எழுதுங்கோ அண்ணை, சனம் விரும்பி வாசிக்கும்" என்று யோசனையும் சொன்னார்கள். பனியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? விழும், கிடக்கும், கரையும். வாசலில் விழுந்ததை வழித்துத் தள்ளாமல் விட்டு, எவராவது சறுக்கி விழுந்தால் வீட்டுக்காரன்மேல் வழக்கு வரும். பனி அவ்வளவுதான்.

நான் எழுதப் போவது என் பாஷையைப் பற்றி. தமிழைச் சொல்லவில்லை. தமிழைப் பற்றி எழுத ஊரில் ஆட்களுக்குக் குறைவில்லை. ஜெர்மன் பாஷையும் இல்லை. அதை நான் இன்றைக்கும் வாடகைச் சட்டை போலத்தான் போட்டுக்கொண்டு திரிகிறேன். நான் சொல்வது கோபோல் என்ற பாஷை. கணினிக்கு வேலை சொல்வதற்கு மனிதர் செய்துவைத்த பாஷைகள் எத்தனையோ உண்டு. அதில் இது கிழடு. நான் பிறக்க முன்னமே பிறந்தது.

சென்ற மாதம் எங்கள் காப்புறுதிக் கந்தோரில் எனக்கு ஒரு கேக் வெட்டினார்கள். வேலைக்குச் சேர்ந்து இருபத்தைந்து வருடமாம். கேக்கின்மேல் சீனிப்பாகில் கோபோல் வசனம் ஒன்று எழுதியிருந்தார்கள். என் மேலாளர் சுசானா என்னைவிட இருபது வயது இளையவள், நல்ல பிள்ளை. அவள் பேசி முடிக்கும்போது, "அடுத்த வருடம் கோபோலில் ஓடும் பழைய சிஸ்டத்தை நிறுத்தியதும் இவர் விடுதலையாகி, மனைவியோடு தன் தீவுக்குப் போய்விடுவார்" என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். மூன்றாம் மாடியில் வேலைசெய்யும் பெடியன் ஒருவன் கையில் தட்டோடு கிட்ட வந்து, "உண்மையாகக் கேட்கிறேன், இந்தப் பாஷையில் அப்படி என்னதான் கண்டீர்கள்?" என்றான்.

பரிகாசமாகக் கேட்கவில்லை. என்னால்தான் பதில் சொல்ல முடியவில்லை. வாயில் கேக் இருந்தது நல்லதாகப் போயிற்று.

வீட்டுக்கு வந்தபோது ஜசிந்தா, என் மனைவி, கேக் என்ன கேக் என்றுகூடக் கேட்கவில்லை. "எப்ப நிப்பாட்டுறாங்களாம்?" என்றுதான் கேட்டாள். அவள் அந்த ஒரு நாளுக்காகத்தான் காத்திருக்கிறாள். பழைய சிஸ்டம் நின்றால் எனக்கு ஓய்வு. எனக்கு ஓய்வு கிடைத்தால் அவளுக்கு அவளுடைய ஊர், வங்காலை.

2

தொண்ணூறில் தலைமன்னாரால் வள்ளம் ஏறி, இந்தியா போய், அங்கிருந்து எந்தெந்த வழியாலோ ஜெர்மனி வந்து சேர்ந்தேன். அந்தக் கதை எல்லா வீட்டிலும் உண்டு, விட்டுவிடுகிறேன். வந்த பிறகுதான் சிறை தொடங்கியது. அகதி முகாம் ஒரு பழைய பட்டாளக் கட்டடத்தில் இருந்தது. கதவு திறந்தே கிடக்கும், ஆனால் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டி யாரையாவது பார்க்கப் போவதென்றால் கந்தோரில் கடிதம் எடுக்க வேண்டும். ஊரில் பாலத்தடியில் பட்டாளத்துக்குப் பாஸ் காட்டித்தான் பேசாலை இருக்கிற தீவை விட்டு வெளியே போனோம். இங்கே பாலமும் இல்லை, கடலும் இல்லை, கடிதம் மட்டும் இருந்தது.

பிறகு ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். அங்கே நான் வாய் திறந்தாலே சிரிப்பு. ஜெர்மன் பாஷையில் சாமான்களுக்கும் ஆண், பெண் உண்டு. கதிரை ஆணா, மேசை பெண்ணா என்று தெரியாமல் நான் எதையாவது சொல்ல, சமையல்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். கெட்டவன் இல்லை. களைப்பான வேலையில் அவனுக்கு நான் ஒரு பொழுதுபோக்கு. நான் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்தேன். ஒரு கட்டத்தில் நாள் முழுக்க "ஓம்", "இல்லை", "சூடு, விலகு" இந்த மூன்றோடு காலம் தள்ளினேன். பேசாலையில் என்னை வாயாடி என்று சொல்லுவார்கள் என்றால் அந்த உணவகத்தில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அந்த நேரம் ஆண்டு இரண்டாயிரம் பிறக்கும்போது உலகத்துக் கணினிகள் எல்லாம் குழம்பிப்போகும் என்று ஒரு பயம் கிளம்பியது. பழைய பாஷை தெரிந்த ஆட்கள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். வேலைவாய்ப்புக் கந்தோரில் இருந்த அம்மா என்னைப் பார்த்து, "கணக்கு வருமா?" என்று கேட்டார். ஊரில் உயர்தரத்தில் கணிதம் படித்ததைச் சொன்னேன். "வயோதிபரைப் பராமரிக்கிற படிப்பில் இடமில்லை. கணினிப் படிப்பில் ஓர் இடம் இருக்கிறது" என்றார். அவ்வளவுதான் என் விதி. எனக்கும் கோபோலுக்கும் காதல் கலியாணம் என்று நினைத்துவிடாதீர்கள், பேசிச் செய்ததுதான்.

முதல் நாள் வகுப்பில் ஆசிரியர் பலகையில் எழுதினார். ஒரு கோபோல் நிரலுக்கு நாலு பகுதி. முதலாவதில் நீ யார் என்று சொல்ல வேண்டும். இரண்டாவதில் எந்த இடத்தில், எந்தச் சூழலில் இருக்கிறாய் என்று சொல்ல வேண்டும். மூன்றாவதில் உன்னிடம் உள்ள சாமான்கள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். நாலாவதில்தான் நடக்க வேண்டியதைச் சொல்லலாம். என்னோடு படித்த ஜெர்மன்காரர் எல்லாரும் இது என்ன சுற்றிவளைப்பு என்று முணுமுணுத்தார்கள். எனக்கோ அது ஏற்கெனவே பாடமாக இருந்தது. அகதி விசாரணையில் அதிகாரி இதே வரிசையில்தான் கேட்டார். நீ யார், எங்கிருந்து எப்படி வந்தாய், கையில் என்ன வைத்திருக்கிறாய், சரி, இனி நடந்ததைச் சொல்லு.

வித்தியாசம் ஒன்றுதான். அதிகாரி நான் சொன்னதை நம்பவில்லை. கணினி நம்பியது.

கோபோலின் சொற்கள் எல்லாம் நேரான ஆங்கிலச் சொற்கள். இதை எடுத்து அங்கே வை, இதோடு அதைக் கூட்டு, இந்த வேலையை இத்தனை தரம் செய். பூசை முடிவில் பங்குத்தந்தை வாசிக்கிற அறிவித்தல் மாதிரி, ஒவ்வொரு வசனமும் நீட்டி முழக்கி வந்து ஒரு முற்றுப்புள்ளியில் நிற்கும். பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் எனக்குப் போதுமாக இருந்தது. பக்கத்துக் கதிரையில் இருந்த ஜெர்மன்காரன் அகராதி புரட்டிக்கொண்டிருந்தான். பிழை விட்டால் அவனுக்கும் எனக்கும் கணினி ஒரே பிழையைத்தான் காட்டியது. அவனைப் பார்த்துச் சிரிக்கவுமில்லை, என்னைப் பார்த்துச் சிரிக்கவுமில்லை. ஊரைவிட்டு வந்தபிறகு நான் வாய்விட்டுப் பேசிய முதல் பாஷை அது. ஒரு மனிதன் எதை மறந்தாலும், தன்னை முதன்முதல் கேட்ட காதை மறப்பானா?

3

கணினி எழுதுகிறவர்கள் பாஷைக்காகச் சண்டை பிடிப்பதைக் கண்டால் வெளியாட்களுக்குச் சிரிப்பு வரும். ஒருவன் ஜாவா என்பான், ஒருவன் பைத்தன் என்பான், கோபோலை எல்லாரும் சேர்ந்து குப்பை என்பார்கள். மதியச் சாப்பாட்டு மேசையில் கரண்டியை நீட்டி வாதாடுவார்கள். எந்தப் பாஷையில் எழுதினாலும் கடைசியில் ஒரு கிழவிக்கு அவளுடைய ஓய்வூதியக் கடிதம் போய்ச் சேரப் போகிறது. அதற்கு ஏன் இந்தப் பாடு என்று சுசானாகூடச் சலித்துக்கொள்வாள்.

எனக்கு இந்தச் சண்டை புதிதல்ல. பேசாலைக் கரையில் நான் வளர்ந்த காலத்தில் வள்ளத்து எஞ்சினுக்கு இதே சண்டை நடந்தது. நீல மூடி எஞ்சின், வெள்ளை மூடி எஞ்சின் என்று இரண்டு வகை. நீல மூடிக்காரர் ஒரு கட்சி, வெள்ளை மூடிக்காரர் ஒரு கட்சி. கோயில் திருவிழாவுக்கு ஒன்றாகக் கொடி பிடிப்பவர்கள் எஞ்சின் பேச்சு வந்தால் முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார்கள். என் அப்பா பஸ்தியான் வெள்ளை மூடி. அந்த எஞ்சின் கடலில் நிற்காத கிழமை இல்லை. கடற்றொழில் சங்கத்தால் ஒரு தடவை புது நீல எஞ்சின் தரவந்தார்கள். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். சங்கத் தலைவர் வீட்டுக்கே வந்து கேட்டார்.

"ஏன் பஸ்தியான் அண்ணை, உங்கட எஞ்சின் கிழமைக்கு ரெண்டு தரம் நிக்குது. இது நிக்காது. ஏன் வேண்டாமெண்டுறியள்?"

அப்பா வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "இதுக்கு என்ன வருத்தம் வரும், எப்ப வரும், எங்க தட்டினால் மாறும், எல்லாம் எனக்குத் தெரியும். அதின்ர வருத்தம் எனக்குத் தெரியாது. நடுக்கடலில வச்சு ஆரைக் கேக்கிறது?"

வருத்தம் என்று ஊரில் நோயைச் சொல்வோம். கேக்கோடு நின்ற அந்தப் பெடியனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். ஒருவன் ஒரு பாஷையை அதன் அழகுக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று நினைப்பது தவறு. அழகு எல்லாப் பாஷையிலும் இருக்கிறது. அவன் பிடித்துக்கொண்டிருப்பது அதன் நோய்களை. எங்கே காலை வாரும், எங்கே மௌனமாகப் பிழைவிடும் என்று வருடக்கணக்காக அடிபட்டுப் படித்திருக்கிறான். அந்தப் படிப்பு வேறு எங்கேயும் செல்லாது. பாஷையை விட்டால் அந்த அறிவும் போய்விடும். அதோடு அவனும் பழையபடி கோப்பை கழுவ வந்த புதியவனாகிவிடுவான்.

ஆனால் அப்பாவின் கதையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை விட்டுவிட்டுச் சொன்னால் அம்மா கல்லறையிலிருந்து எழும்பி வருவா. எஞ்சின் நின்ற நாளெல்லாம் கரையில் காத்து நின்றது அம்மாதான். "எஞ்சினையே கட்டியிருக்கலாம் இந்த மனுசன்" என்று மணலைக் காலால் உதைப்பா.

4

ஜசிந்தா வங்காலைப் பெண். நான் இங்கே வந்து சில வருடம் கழித்து, போட்டோ பார்த்துப் பேச்சு முடித்து வந்தவள். முழுப் பெயர் மரிய ஜசிந்தா அருள்மலர். வந்த புதிதில் ஜெர்மன் வகுப்புக்குப் போனாள். பிள்ளை வயிற்றில் வந்தது, வகுப்பு நின்றது. பிறகு போக நினைத்தபோது வெட்கம் பிடித்துக்கொண்டது. நான் கோபோலுக்குள் புகுந்து தப்பித்துக்கொண்டேன். அவளுக்கு அப்படிப் புக ஒரு பொந்து கிடைக்கவில்லை.

கடையில் விரலால் காட்டுவாள். பக்கத்து வீட்டுக்காரிக்குச் சிரிப்பாள். வைத்தியரிடம் போனால் நான்தான் மொழிபெயர்ப்பாளர். முழங்கால் நோவு எப்போது தொடங்கியது, குளிருக்கு எப்படி இருக்கும், படியேறும்போது எந்தப் பக்கம் இழுக்கும், இரவில் எழும்பி இருந்து என்னென்ன யோசிப்பாள் என்று அவள் விரிவாகச் சொல்லுவாள். நான் வைத்தியரிடம் திரும்பி, "முழங்கால் நோகிறதாம், குளிரில் கூடவாம்" என்பேன்.

"நான் இவ்வளவு நேரம் சொன்னதை இவ்வளவுக்க முடிச்சிட்டியள்" என்று வெளியே வந்து கேட்பாள். "மிச்சத்தை எங்க போட்டனீங்கள்?"

"டொக்டருக்கு அவ்வளவு போதும், காணும்."

"டொக்டருக்குக் காணும். எனக்குக் காணாதே."

எங்கள் கந்தோரில்தான் அவளுக்கும் காப்புறுதி. வருடா வருடம் வருகிற கடிதத்தில் அவளுடைய பெயர் பாதியில் நின்றுவிடும். "அன்புள்ள மரிய ஜசிந்" என்று இருக்கும். கோபோலில் ஒரு பெயருக்கு எத்தனை எழுத்து இடம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்தப் பழைய நிரலை எழுதியவர்கள் ஜெர்மன் பெயர்களை அளந்து இடம் விட்டிருந்தார்கள். எங்கள் பெயர்கள் நீளம். மிச்சத்தைக் கணினி சத்தம்போடாமல் வெட்டிவிடும்.

"நான் என்ன சூடை மீனோ, வாலை வெட்டி அனுப்ப?" என்று கடிதத்தை என் முன்னால் போடுவாள். "நீங்கள் அங்கதானே இருக்கிறியள். சொல்லேலாதே?"

"அது பெரிய வேலை" என்பேன். உண்மையிலேயே பெரிய வேலைதான். ஓர் இடத்தில் நீட்டினால் நூறு இடத்தில் இழுபடும்.

வங்காலையில் அவளுக்கு ஒரு அக்கா, பிலோமினா. சீதனக் காணியில் தனியாக இருக்கிறா. பக்கத்தில் எங்களுக்கும் இரண்டு அறை கட்டியாயிற்று. அங்கே போய் என்ன செய்யப் போகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். அவளுக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை.

"காலமைப் பூசைக்குப் போவன். பூசை முடியக் கோயில் வாசலில நிண்டு கதைப்பன். வெயில் ஏறும் வரைக்கும் கதைப்பன். வேறென்ன?"

5

பழைய சிஸ்டத்தை நிறுத்துவது என்பது விளக்கை அணைப்பது போன்ற வேலையல்ல. மூன்றாம் மாடிப் பிள்ளைகள் ஜாவாவில் புது சிஸ்டம் ஒன்று எழுதி முடித்துவிட்டார்கள். இப்போது ஒரே வேலையைப் பழையதிடமும் கொடுக்கிறோம், புதியதிடமும் கொடுக்கிறோம். இரண்டும் ஒரே விடை தந்தால் பழையதை நிறுத்தலாம். வேறு வேறு விடை வந்தால், எது சரி என்று சொல்ல வேண்டியவன் நான். கீழ்த் தளத்தில், யன்னல் திறக்காத ஓர் அறையில் இருந்து இதைத்தான் ஒன்றரை வருடமாகச் செய்கிறேன். என் பாஷைக்குத் தூக்குத் தண்டனையா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிற நீதவானும் நானே, அதற்காக வாதாடுகிற அப்புக்காத்தும் நானே.

ஒரு கடிதத்தில் வெறும் பக்கம் ஒன்று கூட வந்தது. புதியது பிழை என்று எழுதினேன். ஒரு திகதியில் முன்னால் பூச்சியம் வரவில்லை. புதியது பிழை. இரண்டு பேரின் வரிசை மாறி வந்தது. பிழை. ஒவ்வொன்றையும் பிள்ளைகள் ஒரு வார்த்தை சொல்லாமல் திருத்திக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் நாள் தள்ளிப்போயிற்று. கோடையில் முடியும் என்றது மாரிக்குப் போனது, மாரியில் என்றது அடுத்த வருடத்துக்குப் போனது.

"இண்டைக்கும் பிழை பிடிச்சிட்டியளோ?" என்று ஒரு மாலை கதவைத் திறந்ததும் ஜசிந்தா கேட்டாள்.

"எப்படித் தெரியும்?"

"முகத்தில பெருநாள் தெரியுது."

அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் அதைக் கேட்பதை விட்டுவிட்டாள். என் முகத்தைப் பார்ப்பாள், உள்ளே போவாள். பிழை எதுவும் அகப்படாத நாள்களில் எனக்குச் சோறு இறங்காது. தலையிடி என்று சொல்லிவிட்டுக் கதிரையில் சாய்ந்துகொள்வேன். அவளுக்கு விளங்கியிருக்கும். எனக்குத்தான் விளங்கவில்லை, அல்லது விளங்க விடவில்லை.

6

எங்கள் மகள் ஷரோன் பெர்லினில் இருக்கிறாள். அவளும் கணினி எழுதுகிறவள்தான், பைத்தன் கட்சி. கோயிலுக்குப் போவதில்லை, எங்களை வந்து பார்ப்பதும் குறைவு, தமிழ் தட்டுத்தடுமாறி வரும். அவளோடு நான் நீட்டிக் கதைக்கிற விஷயம் இது ஒன்றுதான். அதுவும் ஜெர்மன் பாஷையில்தான். என் வேலையைப் பற்றி நான் தமிழில் ஒருநாளும் கதைத்ததில்லை. எனக்குச் சொற்களும் இல்லை, கேட்க ஆளும் இல்லை என்று நினைத்திருந்தேன். ஜசிந்தா அப்போதெல்லாம் பக்கத்தில் இருந்து எங்கள் இரண்டு பேரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கேக் வெட்டிய அடுத்த ஞாயிறு ஷரோன் வந்தாள். மத்தியானம் ஜசிந்தா திருக்கை மீன் வறை செய்திருந்தாள். தமிழ்க் கடையில் வாங்கிய ஐஸ் திருக்கைதான், என்றாலும் கைப்பக்குவம் மாறவில்லை. சாப்பாட்டு மேசையில் நான் உற்சாகமாக அந்தக் கிழமை பிடித்த பிழையைச் சொல்லத் தொடங்கினேன், ஜெர்மனில்.

"சோதனைக்கு நாங்கள் சொந்தப் பெயர்களைத்தானே போடுவோம். நான் அம்மாவின் பெயரைப் போட்டேன். மரிய ஜசிந்தா அருள்மலர். பழையது 'மரிய ஜசிந்' என்று நிறுத்துகிறது. புதியது என்ன செய்கிறது தெரியுமா? முழுவதையும் அச்சடிக்கிறது. விடை வேறுபடுகிறது. பிழை என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டேன். இனி அவர்கள், பெயர் வருகிற இடமெல்லாம் தேடித் திருத்த வேண்டும். இன்னும் மூன்று மாதமாவது இழுக்கும்."

ஷரோன் கரண்டியை வைத்தாள். "அப்பா, அது பிழையா?"

"பழையதைப் போல இல்லையே. பழையதைப் போல இருக்க வேண்டும் என்பதுதானே ஒப்பந்தம்."

எங்கள் தொழிலில் இப்படி ஒரு நியாயம் உண்மையாகவே உண்டு. பழைய சிஸ்டத்தின் பிழையை நம்பிக்கூட வேறு எங்கோ ஒரு வேலை நடந்துகொண்டிருக்கலாம், ஆகவே பெயர்க்கும்போது பிழையையும் சேர்த்துப் பெயர்க்க வேண்டும் என்பார்கள். வெளியாட்களுக்குப் பைத்தியம் போலத் தெரியும், எங்களுக்கு அது வேதவாக்கு. ஷரோனுக்கும் அது தெரியும். இருந்தும் அவள் என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "பெயரை வெட்டுவதை நம்பி எந்த வேலை நடக்கிறது? நீங்களே சொல்லுங்கள். புதியதுதான் சரி. உங்களுக்கும் தெரியும்" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குரலை உயர்த்தினேன். அவளும் உயர்த்தினாள்.

"என்ர பேர் அடிபடுது" என்றாள் ஜசிந்தா நடுவில். "என்ர முழுப் பேரைச் சொன்னனீங்கள். என்ன விஷயம்?"

நான் மொழிபெயர்த்தேன். முப்பது வருடப் பழக்கம், வாய் தானாகவே செய்தது.

"ஒண்டுமில்லை. சோதனைக்குப் போட்ட பேர். இன்னும் பிழை கிடக்குதாம். வேலை முடியேல்லை."

ஷரோன் தாயின் பக்கம் திரும்பினாள். அவளுடைய தமிழ் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி வைத்ததுபோல வந்தது.

"இல்லை அம்மா. வேலை முடிஞ்சுது. புது மெஷின் அம்மாட பேர் முழுசா எழுதுது. அப்பா அதைப் பிழை எண்டு சொல்லுறார்."

எனக்குச் சோறு போடவந்த ஜசிந்தாவின் கரண்டி சட்டிக்கே திரும்பிப் போயிற்று.

"முழுசா எண்டால்? அருள்மலரும் இருக்கோ?"

"ஓம் அம்மா. அருள்மலரும் இருக்கு."

"இவ்வளவு காலத்துக்குப் பிறகு இந்த நாட்டில என்ர பேரை ஒருத்தர் முழுசா எழுதியிருக்கினம்" என்றாள் ஜசிந்தா. என்னைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்துத்தான் சொன்னாள். "அதுவும் பிழையாம்."

பிறகு மூன்று பேரும் சாப்பிட்டோம். திருக்கை வறையின் ருசி எனக்கு நினைவில்லை. கடிதத்தில் அவளை வெட்டியது கணினி, வைத்தியரிடம் வெட்டியது நான், இப்போது வெட்டாமல் விட்ட ஒன்றைப் பிடித்து வெட்டச் சொன்னதும் நான். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைத் தமிழிலோ ஜெர்மனிலோ சொல்ல வரவில்லை.

7

திங்கட்கிழமை காலையில் மூன்றாம் மாடிக்கு ஏறிப்போய்ச் சுசானாவிடம் சொன்னேன். மிச்சமிருக்கும் வேறுபாடுகளில் புதியதுதான் சரி, பெயர் விஷயத்தில் நான் எழுதியது தவறு, நிறுத்தலாம். அவள் எழும்பி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். தை மாதம் நிறுத்துவது என்று அங்கேயே முடிவாயிற்று. படியிறங்கக் கால் எடுத்தபோது அவள், "ஒரு சின்ன விஷயம்" என்றாள்.

பழைய கணக்குகளைச் சட்டப்படி இன்னும் சில வருடம் வாசிக்கக்கூடியதாக வைத்திருக்க வேண்டுமாம். பழைய கணினியை ஓர் அறையில் வைத்துப் பூட்டி, எப்போதாவது யாராவது பழைய விபரம் கேட்டால் எடுத்துக்கொடுக்க ஓர் ஆள் தேவையாம். "நீங்களும் அதுவும் மட்டும். மூன்று வருடம். ஓய்வுக்குப் போகிற உங்களிடம் கேட்பது நியாயமில்லைதான், மனைவியோடு கதைத்துவிட்டு..."

அவள் வசனத்தை முடிக்கவில்லை. நான் "ஓம்" என்றுவிட்டேன். ஜெர்மன் பாஷையில் என் வாயிலிருந்து அவ்வளவு விரைவாக ஒரு சொல் ஒருநாளும் வந்ததில்லை. சொல்லிவிட்டுப் படியில் நின்றேன். என் நெஞ்சு சந்தோஷத்தில் அடித்துக்கொண்டிருந்தது. என்னை இங்கே யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை என்பது எனக்கு அந்தப் படியில்தான் தெரிந்தது. கடிதம் எடுக்காமல் எல்லை தாண்டக்கூடாது என்று சொல்ல ஒரு கந்தோரும் இல்லை. கதவு திறந்து கிடந்தது, நான் உள்ளே வேறோர் அறை கேட்டு வாங்கியிருந்தேன்.

பின்னேரம் வீட்டுக்குப் போனபோது ஜசிந்தா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னவாம்?" என்றாள்.

"நிப்பாட்டப் போகினம். தை மாதம். முடிவாகிட்டுது."

அது உண்மைதான். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவள் கையை உதறிவிட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"உண்மையாச் சொல்லுறியளோ, மொழிபெயர்த்துச் சொல்லுறியளோ?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. மிச்சத்தையும் சொன்னேன். பூட்டிய அறை, பழைய கணினி, மூன்று வருடம், கேட்டு முடிக்க முன்னம் நான் சொன்ன ஓம். என் வேலையைப் பற்றி அவளுக்குத் தமிழில், வெட்டாமல், நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் கடைசிவரை கேட்டாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லாயிருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மீனை மூடி வைத்தாள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்தாள். மேசைக்கு வந்து, என் மடிக்கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"டிக்கெட் போடுங்கோ. தை மாதம்."

"ரெண்டு பேருக்குமோ? நான் லீவு கேட்டு ஒரு மாதம்..."

"ஒண்டு" என்றாள். "போறதுக்கு மட்டும்."

"அப்ப நான் இஞ்ச தனிய என்ன செய்யிறது, ஜசிந்தா?"

அவள் கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"உங்களுக்குக் கதைக்க இஞ்ச ஒண்டு கிடக்கு. எனக்குக் கதைக்க அங்கதான் ஆக்கள் இருக்கினம்."